கட்டுப்பாட்டு மாறிகளும் கட்டுப்படாத முடிவுகளும்

அளவை என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. நாழி கொண்டு முகந்தும் துலாக்கோல் கொண்டு நிறுத்தும் காண்பது ஓர் அளவை. காட்சி, கருதல் முதலிய வழிகளால் உண்மை இதுவெனத் துணிவது மற்றோர் அளவை. முன்னது கடைவீதிக்கு உரியது. பின்னது அறிஞர் அவைக்கு உரியது. இவ்விரண்டையும் நம் முன்னோர் ஒரே சொல்லால் வழங்கியது பொருள் பொதிந்தது. தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டி வைக்கும் வணிகனும், தனக்கு வேண்டிய முடிவு வரும்வரை எண்களை மாற்றி மாற்றி அடுக்கும் ஆய்வாளனும் செய்யும் குற்றம் ஒன்றே. திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டித்தே தொடங்குகின்றது. அக்கண்டனம் அரிசிக்கும் எண்ணெய்க்கும் மட்டும் உரியதன்று, ஆய்வேட்டின் எண்களுக்கும் உரியது என்பது நம் கருத்து.

தமிழ்த்துறை மலரில் புள்ளியியலுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். விடை எளிது. மேலாண்மையியலும் வணிகவியலும் பயிலும் மாணவச் செல்வங்கள் ஆண்டுதோறும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் வினாநிரலோடு செல்கின்றனர். அவ்வினாநிரல் ஆங்கிலத்தில் உருவாகின்றது. விடையளிக்க வேண்டியவர்களோ தமிழும் உருதும் பேசும் தொழிலாளர்கள். எனவே அது தமிழ்த்துறையின் வாயிலுக்கு வந்தே தீரும். அவ்வாறு வந்தவற்றைத் தமிழாக்கித் தந்த அனுபவத்தில் நாம் கண்ட ஒரு குறையைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக்குறை இதுதான். ஆய்வேடுகளில் ‘கட்டுப்பாட்டு மாறிகள்’ என்றொரு பட்டியல் இடம்பெறுகின்றது. வயது, பால், கல்வி, பணிக்காலம், திருமண நிலை ஆகிய ஐந்தும் ஏறத்தாழ எல்லா ஆய்வேடுகளிலும் அதே வரிசையில் வந்து நிற்கின்றன. இவற்றை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால், ‘முன்னைய ஆய்வேடுகளில் இருந்தன ஐயா’ என்பதே விடையாகின்றது. நூலின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் வைப்பது மரபு. அதுபோல் இப்பட்டியலும் ஒரு மரபாகிவிட்டது. காப்புச் செய்யுள் நூற்பொருளை மாற்றுவதில்லை. கட்டுப்பாட்டு மாறியோ முடிவையே தலைகீழாக மாற்றவல்லது. மரபு என்று எண்ணி அதனைக் கையாளுதல் தகாது.

தோல் கற்பிக்கும் பாடம்

கட்டுப்பாட்டு மாறி என்பது யாது? நம் ஊர்ப் பெரியோர்களுக்கு இதனைத் தோலைக் கொண்டே விளக்கலாம். ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும் பதனிடும் பழைய முறை சிறந்ததா, குரோம் முறை சிறந்ததா என்று ஒருவர் ஆராயப் புகுகிறார் எனக் கொள்வோம். பட்டை முறையில் ஆட்டுத்தோலையும் குரோம் முறையில் எருமைத்தோலையும் இட்டுவிட்டு, வந்த வலிமை வேறுபாட்டைப் பதனிடும் முறையின்மேல் ஏற்றிச் சொன்னால், எழுத்தறியாத தொழிலாளியும் நகைப்பார். தோலின் வகை வேறு, பருமன் வேறு. அவ்வேறுபாட்டை நீக்கிய பின்னன்றோ முறைகளை ஒப்பிடல் வேண்டும்?

அதனால்தான் தோல் அறிவியலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே தோலை முதுகுத்தண்டின் வழியே இரு பாதியாகப் பிளந்து, இடப்பாதியை ஒரு முறையிலும் வலப்பாதியை மற்றொரு முறையிலும் பதனிட்டு ஒப்பிடுவர். விலங்கு ஒன்று, வயது ஒன்று, மேய்ச்சல் ஒன்று. வேறுபடுவது பதனிடும் முறை ஒன்றே. சென்னை அடையாற்றில் 1948-இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துறையாகிய இந்த அறிவியல், ஒப்பீட்டின் நேர்மையை இவ்வாறு கைவினையாலேயே காத்துக்கொள்கின்றது.

இவ்வுணர்வு இசுலாமிய அறிவு மரபுக்கும் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாக்தாத் நகரில் புகழ்பெற்ற மருத்துவர் அபூபக்கர் அர்ராஸீ, மூளைக் காய்ச்சலின் அறிகுறிகளைக் கண்ட நோயாளருள் ஒரு சாராருக்குக் குருதி வாங்கும் சிகிச்சை செய்து, மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே அதனைச் செய்யாது விட்டு, விளைவை ஒப்பிட்டதாகத் தம் மருத்துவக் களஞ்சியத்தில் குறித்துள்ளார். சிகிச்சை பெறாதோரையும் நோக்கினாலன்றிச் சிகிச்சையின் பயனை அறிய முடியாது என்னும் தெளிவு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அவரிடம் இருந்தது.

ஆனால் மேலாண்மையியல் ஆய்வாளர் மனிதரை இரு பாதியாகப் பிளக்க இயலாது. ஒரு தொழிற்சாலையையும் பிளக்க இயலாது. ஆகவே அவர் புள்ளியியலை நாடுகின்றார். தொடர்புப்போக்குப் பகுப்பாய்வில் கூலி, விடுப்பு, மனநிறைவு போன்றவற்றைச் சார்ந்த மாறியாகவும், தாம் ஆராய விரும்பும் காரணத்தைச் சாரா மாறியாகவும் வைத்து, இடையில் குழப்பம் விளைக்கும் பிறவற்றைக் கட்டுப்பாட்டு மாறிகளாகச் சேர்க்கின்றார். சம வயதினரைச் சம வயதினரோடும், சமக் கல்வியினரைச் சமக் கல்வியினரோடும் ஒப்பிட்டாற் போன்ற ஒரு நிலையைக் கணிப்பொறி கணக்கினால் உண்டாக்கித் தருகின்றது. தோலைப் பிளந்தவர் கத்தியைக் கையாண்டார். ஒவ்வொரு வெட்டையும் எண்ணிச் செய்தார். கணிப்பொறியிலோ ஒரு மாறியைச் சேர்ப்பது ஒரு நொடி வேலை. எளிமையே இங்கு இடர்.

மூன்று வகை மாறிகள்

எல்லா மாறிகளையும் சேர்த்துவிட்டால் ஆய்வு தூய்மை பெறும் என்று பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை தவறு. சேர்க்கத்தக்கதும் தகாததும் உண்டு. நம் பகுதியிலிருந்தே மூன்று எடுத்துக்காட்டுகளைத் தருவோம்.

முதலாவது, சேர்த்தே ஆகவேண்டிய மாறி. பாலாற்று மாசு குறித்து 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பை வழங்கியது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தரவேண்டும் என்னும் கொள்கை இந்தியச் சட்டத்தில் அத்தீர்ப்பால் நிலைபெற்றது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய இடங்களின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இன்றியமையாதன ஆயின. ‘பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தமையால் தொழிற்சாலையின் இலாபம் குறைந்ததா?’ என்று ஒரு மாணவர் ஆராய்கிறார் எனக் கொள்வோம். சேர்ந்தவற்றையும் சேராதவற்றையும் அப்படியே ஒப்பிட்டால் பிழை நேரும். ஏனெனில் தனியே நிலையம் அமைத்துக்கொள்ளும் பொருள்வளம் பெரிய நிறுவனங்களுக்கு உண்டு. பொது நிலையத்தை நாடுவோர் பெரும்பாலும் சிறியோர். நிறுவனத்தின் அளவு, சேர்வதையும் தீர்மானிக்கின்றது, இலாபத்தையும் தீர்மானிக்கின்றது. இரண்டுக்கும் முன்னே நின்று இரண்டையும் அசைக்கும் இத்தகைய பொதுக்காரணத்தைக் கட்டாயம் கட்டுப்படுத்தல் வேண்டும்.

தீர்ப்புக்கு முன்னும் பின்னும் என்று ஆண்டுகளை ஒப்பிடுவோருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். 1989-இல் ஜெர்மனி, தோலைப் பூஞ்சையினின்று காக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் என்னும் வேதிப்பொருளுக்குத் தடை விதித்தது. 1991 சூலையில் இந்திய ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. 1996-இல் தீர்ப்பு வந்தது. ஒரு பத்தாண்டுக்குள் மூன்று பெருநிகழ்ச்சிகள்! இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, வளர்ச்சிக்கோ வீழ்ச்சிக்கோ அதுவே காரணம் எனச் சாற்றுதல் முறையாகாது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் அமைந்தன. ‘வேலூர் மாவட்டம்’ என்னும் பெயர் அன்று குறித்த நிலப்பரப்பு வேறு, இன்று குறிப்பது வேறு என்பதையும் புள்ளிவிவரம் எடுப்போர் மறத்தலாகாது.

இரண்டாவது, பெரும்பாலும் சேர்க்கத்தகாத மாறி. ஆம்பூர்ப் பகுதியின் ஷூ கம்பெனிகளில் மேற்பகுதி தைக்கும் பிரிவில் பெண்களே மிகுதி. ஆண் பெண் கூலி வேறுபாட்டை ஆராயும் ஒருவர், ‘பிரிவு’ என்பதைக் கட்டுப்பாட்டு மாறியாகச் சேர்க்கின்றார் என்போம். தைப்போருள் ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே கூலி பெறுகின்றனர், மேற்பார்வையாளருள்ளும் அவ்வாறே. எனவே ‘கூலியில் பால் வேறுபாடு இல்லை’ என்று ஆய்வேடு முடிகின்றது. ஆனால் பெண்ணைத் தையற்பிரிவிலேயே நிறுத்தி, மேற்பார்வைக்கு உயர்த்தாமையே வேறுபாட்டின் வழியாக இருக்குமாயின்? அவ்வழியையே அடைத்துவிட்டு, ‘நீர் வரவில்லை, ஆகவே ஏரியில் நீர் இல்லை’ என்று சொல்வது போன்றது அம்முடிவு. காரணத்துக்கும் விளைவுக்கும் இடையில் பாலமாக நிற்கும் மாறியைக் கட்டுப்படுத்தினால், காணவேண்டியதையே மறைத்தவர் ஆவோம்.

இங்கு அமெரிக்க நிகழ்ச்சி ஒன்றைக் கருதலாம். பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1973-இல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினரும் பெண்களில் 35 விழுக்காட்டினரும் இடம் பெற்றனர். துறைவாரியாகப் பிரித்து நோக்கியபோது பெண்களுக்கு எதிரான வேறுபாடு மறைந்தது. இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்குப் பெண்கள் மிகுதியாக விண்ணப்பித்திருந்தனர். 1975-இல் இவ்வாய்வு வெளிவந்தது. அங்குத் துறையைத் தேர்ந்தவர் விண்ணப்பித்தவரே. எனவே சேர்க்கைக் குழுக்களின் நடுநிலையை அறியத் துறைவாரி ஒப்பீடு பொருந்தியது. தொழிற்சாலையிலோ பிரிவை ஒதுக்குவது நிருவாகம். அதே பெயருடைய மாறி, ஓரிடத்தில் தெளிவு தருகின்றது, மற்றோரிடத்தில் திரையாகின்றது.

மூன்றாவது, ஆய்வாளர் தாமே அறியாது செய்துவிடும் கட்டுப்பாடு. தோல் தொழிலாளரின் முதுகுவலி, மூச்சுத்திணறல் பற்றிய வினாநிரல் அன்று வேலைக்கு வந்தோரிடமே வழங்கப்பெறுகின்றது. நோயுற்று வேலையை விட்டவர் அங்கு இல்லை. முப்பதாண்டு உழைத்தவர்கள் ஐந்தாண்டு உழைத்தவர்களைவிட நலமாக உள்ளனர் என்று முடிவு வருகின்றது! உழைப்பு உடலுக்கு உரமூட்டியது என்று அதற்கு விளக்கமும் எழுதப்படுகின்றது. உண்மையோ, நலிந்தவர் நீங்கினர், வலியவர் நின்றனர் என்பதாகும். ‘வேலையில் இருப்போர் மட்டும்’ என்னும் வரையறை எழுதாமலே நுழைந்த கட்டுப்பாட்டு மாறி. தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கூலிக்கு ஷூ தைக்கும் பெண்களும் இவ்வாறே கணக்கின் புறத்தே நின்றுவிடுகின்றனர்.

ஆகுபெயராகிவிட்ட வயது

மேற்கூறிய ஐந்து மாறிகளின் பட்டியலுக்கு மீள்வோம். இலக்கணம் பயின்றோர்க்கு ஆகுபெயர் தெரியும். ‘ஊர் கூடியது’ என்றால் கூடியவர் ஊரில் வாழும் மக்கள். ஊர் என்னும் பெயர் மக்களுக்கு ஆகி வந்தது. கேட்போர்க்கும் சொல்வோர்க்கும் அது எதற்கு ஆகி வந்தது என்பதில் ஐயமில்லை. ஆகுபெயர் சிறப்பது அதனாலேயே.

ஆய்வேட்டில் ‘வயது’ என்பதும் ஓர் ஆகுபெயரே. அகவை கூடுவதனால் மட்டும் ஒருவர் வேலையில் மனநிறைவு கொள்வதில்லை. வயது என்பது சில வேளை பட்டறிவுக்கு ஆகி வருகின்றது. சில வேளை உடல் தளர்ச்சிக்கு. சில வேளை குடும்பப் பொறுப்புக்கு. சில வேளை வேறிடம் செல்ல வழியின்மைக்கு. ‘பால்’ என்பதும் இவ்வாறே: வீட்டுப் பணிச் சுமைக்கா, கூலிக் குறைவுக்கா, ஒதுக்கப்பட்ட பிரிவுக்கா, எதற்கு அது ஆகி வந்தது? ஆய்வாளர் சொல்வதில்லை. பொருள் தெரியாத ஆகுபெயரைக் கொண்டு உரை எழுத எந்த உரையாசிரியரும் துணியமாட்டார்.

இது நம் தனிக்கருத்து அன்று. மேலாண்மையியல் அறிஞரே இதனை வற்புறுத்தியுள்ளனர். கட்டுப்பாட்டு மாறிகளைக் காரணம் காட்டாது சேர்ப்பதன் தீங்குகளைத் தாமஸ் பெக்கர் 2005-இல் எடுத்துரைத்து, அம்மாறிகளைச் சேர்த்தும் சேர்க்காதும் வந்த முடிவுகள் இரண்டையும் வெளியிடல் வேண்டும் என்றார். பால் ஸ்பெக்டர், மைக்கேல் பிரானிக் ஆகிய இருவரும் 2011-இல், கட்டுப்பாட்டு மாறிகளைச் சேர்த்தால் உண்மை தானே தூய்மையாகிவிடும் என்னும் எண்ணம் வாய்வழிக் கதை போன்றது என்று இடித்துரைத்தனர். ஜெரமி பெர்னெர்த், ஹெர்மன் அகுவினிஸ் ஆகியோர் பத்தாண்டுக் கால ஆய்விதழ்க் கட்டுரைகளைத் திரட்டி நோக்கி, ஒவ்வொரு மாறிக்கும் கொள்கை வழிப்பட்ட காரணம் தேவை என 2016-இல் வழிமுறை வகுத்தனர். பெரும் ஆய்விதழ்களுக்கே இந்நோய் இருந்தது எனின், நம் மாணவரை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. நோய் கண்டவிடத்து மருந்தும் கொள்ளல் வேண்டும் என்பதே நாம் சொல்ல விழைவது.

ஒரு மாணவியின் வினாநிரல்

ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். மேலாண்மையியல் பயின்ற மாணவி ஒருவர் வினாநிரலைத் தமிழாக்க நம்மிடம் வந்தார். ஒரு ஷூ கம்பெனியில் தொழிலாளரின் பணி ஈடுபாட்டை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். விடுப்பு நாள்களின் எண்ணிக்கையே ஈடுபாட்டின் அளவுகோல். சில திங்கள் கழித்து முடிவுகளோடு மீண்டும் வந்தார். வயது, கல்வி, பணிக்காலம், திருமண நிலை ஆகியவற்றைக் கட்டுப்படுத்திய பின்னரும் பெண்களின் விடுப்பு மிகுதியாக இருந்தது. ‘பெண் தொழிலாளரின் ஈடுபாடு குறைவு, மேற்பார்வைப் பொறுப்புக்கு ஆண்களைக் கருதலாம்’ என்று பரிந்துரை எழுதியிருந்தார். அதனை நிருவாகத்திடம் அளிப்பதாகவும் ஒப்புக்கொண்டிருந்தார்.

நாம் புள்ளியியலில் குறுக்கிடவில்லை. ஒன்று மட்டும் கேட்டோம்: ‘அவர்கள் எதில் ஏறி வருகிறார்கள் அம்மா?’ மாணவி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, ‘பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வருகிறார்கள் ஐயா. ஆண்கள் பலர் பைக்கில் வருவார்கள்’ என்றார். மீண்டும் சென்று விசாரித்தபோது, தொலைவான சிற்றூர்களிலிருந்து வரும் பஸ் தாமதமானால், அதில் வந்தோர் அனைவருக்கும் அரைநாள் விடுப்பு எழுதப்படுவது தெரியவந்தது. பஸ் வழித்தடத்தைக் கணக்கில் சேர்த்தபின், ஆண் பெண் வேறுபாட்டின் பெரும்பகுதி கரைந்தது. விடுப்பு எடுத்தது பெண்ணன்று, பஸ்! அம்மாணவி பரிந்துரையை அடித்துவிட்டு வேறு எழுதினார். மேற்பார்வைப் பொறுப்பு பற்றிய வரி நீங்கியது. பஸ் நேரம் பற்றிய வரி புகுந்தது.

இந்நிகழ்ச்சியில் மற்றுமொரு நுட்பம் உண்டு. பெண்களுக்கு ஈடுபாடு குறைவா என்பது வினாவாயின், பஸ்ஸைக் கட்டுப்படுத்தியே ஆகவேண்டும். பெண் என்ற காரணத்தால் ஒருவர் ஆண்டுக்கு எத்தனை நாள் கூலியை இழக்கிறார் என்பது வினாவாயின், பஸ்ஸைக் கட்டுப்படுத்தலாகாது; இழப்பு வரும் வழியே அதுதான். மாறியின் தகுதி மாறியில் இல்லை; வினாவில் உள்ளது. வினாவைத் தெளிவாக எழுதாதவர் எந்த மாறியையும் தேர்ந்தெடுக்கும் உரிமை பெறார்.

நம் சமுதாயத்தின் கணக்கு

சமுதாயப் பெரியோர்களும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழக முசுலிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரியோ 73.5 விழுக்காடு. இவ்வெண்களை நாம் மேடைதோறும் பெருமையுடன் எடுத்தோதியதுண்டு. வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியை 1919-இலும் மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியை 1965-இலும் தோற்றுவித்த சமுதாயம் கல்விக்காகப் பெருமை கொள்வது இயல்பே.

ஆயினும் ஒப்பீடு நேரியதா? தமிழக முசுலிம்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் நகரங்களில் வாழ்வோர். மாநில மக்களில் நகர வாழ்நரோ அவ்வாண்டில் 44 விழுக்காட்டினரே. தமிழகத்தின் நகர எழுத்தறிவு 82.5, சிற்றூர் எழுத்தறிவு 66.2. நான்கில் மூவர் நகரில் வாழும் எந்தக் கூட்டத்தாரும், மாநிலத்தின் பொது நிலையிலேயே படித்திருந்தால், ஏறத்தாழ 78 விழுக்காட்டை எட்டியிருப்பர். ஆகவே 9 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நம் முன்னிலையில் ஏறத்தாழப் பாதி, நகரம் தந்தது. எஞ்சியதையே நம் முயற்சியின் பங்காகக் கருதுவதற்கு இடமுண்டு. நகர வாழ்வு என்னும் ஒரு மாறியைச் சேர்த்தவுடன் பெருமை பாதியாகின்றது.

இந்திய அளவில் நோக்கினால் அதே மாறி வேறொன்று சொல்கின்றது. அவ்வாண்டில் நாடு முழுவதும் எழுத்தறிவு 64.8 விழுக்காடு, முசுலிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு. முசுலிம்களில் நகர வாழ்நரின் பங்கு நாட்டின் சராசரியைவிட மிகுதி. நகரில் மிகுதியாக வாழ்ந்தும் பின்தங்கியுள்ளனர் எனின், உண்மையான பின்னடைவு 5.7 விழுக்காட்டினும் பெரிது. 2005-இல் அமைக்கப்பெற்று 2006-இல் அறிக்கை அளித்த நீதியரசர் இராஜீந்தர் சச்சார் குழு, நகரத்தாரை நகரத்தாரோடும் சிற்றூராரைச் சிற்றூராரோடும் ஒப்பிட்டு நோக்கியமையின் பயன் இதுவே. மேடைக்கு இனிக்கும் கணக்கில் நகரத்தை விடுத்தும், கோரிக்கைக்கு உதவும் கணக்கில் நகரத்தைச் சேர்த்தும் பேசுவோமாயின், நம் தராசின் அடியிலும் புளி இருக்கின்றது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

மறுப்பும் விடையும்

‘வழக்கமான ஐந்து மாறிகள் இல்லையேல் தேர்வாளர் குறை கூறுவார்’ என்பர் மாணவர். உண்மையே. அவ்வச்சம் நியாயமானது, அதற்கு மாணவர் பொறுப்பல்லர். ஆயினும் மாறிகளை விடுமாறு நாம் சொல்லவில்லை. காரணம் எழுதுமாறே சொல்கின்றோம். ‘இம்மாறியை இக்காரணத்தால் சேர்த்தோம்; அம்மாறியை அக்காரணத்தால் விடுத்தோம்’ என்று எழுதிய ஆய்வேட்டைக் குறைகூறும் தேர்வாளரும் காரணம் காட்டியே கூறல் வேண்டியவராவார். அப்போது நடப்பது அறிவு வாதம். வெறும் வழக்கச் சண்டை அன்று.

‘எதையும் விடாமல் சேர்த்தால் பாதுகாப்பன்றோ?’ என்பது இரண்டாவது மறுப்பு. இடைநிற்கும் மாறியைச் சேர்ப்பதன் தீங்கை மேலே கண்டோம். மேலும் நூறு பேரிடம் பெற்ற விடைகளுக்குப் பதினைந்து மாறிகளைச் சுமத்தினால், ஒவ்வொரு மாறிக்கும் கிடைக்கும் சான்று மெலிகின்றது. ஒன்றோடொன்று ஒட்டுறவு மிக்க வயதையும் பணிக்காலத்தையும் ஒருசேரப் புகுத்தினால், எது எதனைச் செய்தது எனப் பிரித்தறிவது அரிதாகிவிடும்.

‘இவையெல்லாம் பட்டத்துக்காக எழுதப்படும் ஏடுகள்தாமே; யார் படிக்கப் போகின்றனர்?’ என்பது மூன்றாவது; அதுவே மிகக் கொடியது. மேற்கண்ட மாணவியின் பரிந்துரை நிருவாகத்தின் மேசைக்குச் செல்ல இருந்தது. அங்குச் சென்றிருந்தால், வைகறையில் எழுந்து சோறாக்கிப் பிள்ளைகளை அனுப்பிப் பஸ்ஸுக்கு ஓடிவரும் எத்தனையோ பெண்களின் உயர்வுக்கு ஓர் அட்டவணை தடையாகியிருக்கும். எழுதியவருக்குப் பட்டம் கிடைத்திருக்கும். இழந்தவருக்குத் தாம் இழந்தது கூடத் தெரிந்திராது.

செய்யத்தக்கன

மாணவர்க்கு நாம் நான்கு வினாக்களைப் பரிந்துரைக்கின்றோம். ஒவ்வொரு மாறியையும் சேர்க்குமுன் இவற்றைக் கேட்டுக்கொள்க. இம்மாறி, நாம் ஆராயும் காரணத்துக்கு முன்னதா, பின்னதா? முன்னதாயின் கருதுக, பின்னதாயின் தயங்குக. இது எதற்கு ஆகி வந்த பெயர். அதனையே நேரே அளக்க இயலாதா? இதனை நீக்கினால் முடிவு மாறுகின்றதா? மாறுமாயின் இரு முடிவுகளையும் வெளியிடுக. யார் கணக்கில் வரவில்லை. அவர் வந்திருந்தால் முடிவு என்னவாகும்?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வினாநிரல் அச்சாகுமுன் மாணவரை ஒரு நாளேனும் தொழிற்சாலை வாயிலில் நிறுத்துங்கள். எந்த மாறி முக்கியம் என்பதை நூலகம் பாதி சொல்லும். மீதியைத் தொழிலாளர் சொல்வர். தமிழ்த்துறையும் தன் பங்கை ஆற்றலாம். வினாநிரலை மொழிபெயர்க்கும்போதே, ‘இவ்வினா எதற்கு?’ என்று கேட்கும் உரிமை மொழிபெயர்ப்பாளனுக்கு உண்டு. சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த நம் தமிழ்ச் சான்றோர், ஒரு பாடத்தை ஏற்கவும் மற்றொன்றை விலக்கவும் காரணம் தேடினர். விலக்கிய பாடத்தையும் அடிக்குறிப்பில் காட்டினர். ஒரே மூலச்சுவடியைப் பார்த்து எழுதிய பத்துப் படிகள் பத்துச் சான்றுகள் ஆகா என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய பத்து ஆய்வேடுகளும் அவ்வாறே.

தொழில் நடத்தும் பெரியோர்களுக்கும் ஒரு சொல். உங்கள் தொழிற்சாலையைப் பற்றிய ஆய்வேடு உங்கள் மேசைக்கு வரும்போது முடிவுரையை மட்டும் படித்து மூடிவிடாதீர்கள். ‘எதனை எதனோடு ஒப்பிட்டாய்?’ என்று அம்மாணவரை அழைத்துக் கேளுங்கள். தோல் வாங்கும்போது மேலிருக்கும் ஒரு தோலை மட்டும் பார்த்து விலை பேசுபவர் உங்களுள் யாருமில்லை. அடுக்கைப் புரட்டிப் பார்த்தே விலை சொல்வீர்கள். அந்தக் கண்ணை எண்களின் மேலும் செலுத்துங்கள்.

எண்ணும் எழுத்தும் நமக்குக் கண்கள் என்பது தமிழர் அறிந்த உண்மை. கண் இருந்தும் எதை நோக்குவது, எதை விலக்குவது என்று தெரியாவிடின் பயனில்லை. கட்டுப்பாட்டு மாறியைத் தேர்வது கணிப்பொறியின் வேலையன்று, மனச்சான்றின் வேலை. அடுத்த ஆண்டு நம் வாயிலுக்கு வரும் வினாநிரலில் அந்த ஐந்து மாறிகளும் இருக்கலாம். ஒவ்வொன்றின் அருகிலும் ‘ஏன்’ என்பதற்கு ஒரு வரி விடை இருக்குமாயின், இக்கட்டுரை பயன் பெற்றது என மகிழ்வோம்.